ஓட்டாண்டியின் நான்காவது ஓடு

ஜனவரி 11

அன்புள்ள என்று தொடங்கிப் பார்த்தேன், கை வரவில்லை. நேராகவே விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் கம்பெனியின் வீடியோ விளையாட்டு நான்காம் பாகத்துக்கான முன்னோட்டத்தைப் பார்த்தேன். மொத்தம் ஐம்பத்திரண்டு நொடி. பதினான்கு தடவை பார்த்தேன். கடைசிப் பகுதியில் ஓட்டாண்டி தன் முதுகில் இருக்கும் ஓட்டைக் கழற்றி வேறொரு நத்தையின் முதுகில் வைக்கிறது. எனக்கு ஒரே கேள்விதான். என் பழுப்பு நோட்டை நீ எப்போது திறந்தாய்?

விளையாட்டு வளர்ந்தால் அதில் நத்தைக்குக் கிடைக்கும் சக்தியும், அந்தப் பவர்-அப்பும், வளரத்தானே செய்யும் என்று நீ சொல்வாய். சரி, எப்படி வளர்ந்தது என்று பார்ப்போம். முதல் பாகத்தை வரைந்தவள் என்ற முறையில் எனக்கும் கொஞ்சம் தெரியும்.

முதல் பாகத்தில் அது ஓடில்லாத நத்தை. வழியில் கிடக்கும் சட்டைப் பொத்தானையோ பாட்டில் மூடியையோ முதுகில் ஏற்றிக்கொள்ளும். ஓர் அடி விழுந்தால் அது உடைந்துவிடும், மறுபடியும் வெற்றுடம்பு. அதன் சக்தி அவ்வளவுதான். நிரல் எழுதிய உன் அண்ணன், "ஒரே அடியிலயா? புள்ளைங்க அழுதுடுவாங்க" என்றார். அழட்டும் என்றேன். உடையாத ஓட்டுக்குள் இருப்பவருக்கு என்ன பயம், பயம் இல்லாமல் என்ன விளையாட்டு? அவர் சிரித்துக்கொண்டே அதற்கு ஓட்டாண்டி என்று பெயர் வைத்தார். இரண்டாம் பாகத்தில் ஓட்டை எறிந்து அடிக்கலாம் என்று ஆனது. அது உன் அண்ணனின் ஆசை, நான் மனமில்லாமல் வரைந்து கொடுத்தேன். மூன்றாம் பாகம் வந்தபோது நான் அந்த வீட்டிலும் இல்லை, கம்பெனியிலும் இல்லை. பதினோரு ஓடுகள், நெருப்பு கக்குவது, பறப்பது, ஒன்றும் உடையாது, திரை ஓரத்தில் சக்தியைக் காட்டும் கோடு மட்டும் குறைந்து தானாகவே ஏறும். இரண்டு மணி நேரம் விளையாடிவிட்டு அணைத்தேன். ஓட்டாண்டி குபேரனாகிவிட்டான், எனக்கு அவனிடம் பேச ஒன்றுமில்லை.

ஆக, முதலில் உடைந்தது, பிறகு எறிந்தது, பிறகு சேர்த்து வைத்தது. இந்த வரிசையில் அடுத்து வரக்கூடியது கொடுப்பது அல்ல. ஒரு மரத்தில் வேறு காய் காய்த்தால் யாரோ ஒட்டுக் கட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

என் நோட்டில் முப்பத்துநான்காம் பக்கத்தில் அந்தப் படம் இருக்கிறது. ஓட்டைக் கொடுத்த பிறகு நத்தையின் கொம்புகள் எட்டு ஃபிரேம் உள்ளே சுருங்கும், அதாவது ஒரு நொடியை அறுபதாக வெட்டினால் அதில் எட்டுத் துண்டு. கண் சிமிட்டும் நேரம். பக்கத்தில், "பயத்தில் அல்ல, கூச்சத்தில்" என்று எழுதியிருந்தேன். உன்னுடையதிலும் எட்டு. ஆறாகவோ பத்தாகவோ இருந்திருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

உன் அண்ணனை விட்டு நான் இரண்டு பைகளோடு கிளம்பினேன். நோட்டு சின்ன அறை அலமாரியில் தங்கிவிட்டது. அதன் பிறகு அந்த அறையில் மூன்று வருடம் இருந்தது நீதான். உன் அண்ணனிடம் இரண்டு முறை கேட்டேன், தேடினேன் கிடைக்கவில்லை என்றார்.

வெளியீட்டுக்கு முன்னால், இது முழுக்க என் சொந்த உருவாக்கம் என்று ஒவ்வொருவரும் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். நானும் போட்டிருக்கிறேன். பிப்ரவரி முடிவதற்குள் உண்மையான பதில் வரவில்லை என்றால் கம்பெனியின் சட்டப் பிரிவுக்கு எழுதுவேன். போன் பண்ணாதே, எடுக்கமாட்டேன். கம்பெனி மின்னஞ்சலை யார் யார் படிப்பார்கள் என்று உனக்கே தெரியும். காகிதத்தில் எழுது.


ஜனவரி 20

அண்ணிக்கு,

வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. பதின்மூன்று வயதில் பழகிய வார்த்தை, இருபத்தைந்தில் மாற்ற வரவில்லை.

அந்த அலமாரிக்குப் பக்கத்தில் மூன்று வருடம் தூங்கியது உண்மை. ஒரே ஒருமுறை திறந்தேன், குளிர் தொடங்கியபோது போர்வை தேடி. கீழ்த்தட்டில் நாடா ஒட்டிய அட்டைப்பெட்டி ஒன்று இருந்தது. உங்கள் கையெழுத்தில் 'வரைபொருள்' என்று எழுதியிருந்தது. அதைத் தொடவில்லை. நீங்கள் நம்பமாட்டீர்கள். உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன். செய்யாத ஒன்றை எப்படிக் காட்டுவது என்று ஒரு வாரமாக யோசிக்கிறேன். செய்ததற்குத் தடயம் இருக்கும், செய்யாததற்கு வாய் வார்த்தை மட்டும்தான்.

சென்ற வருடம் பவர்-அப் வடிவமைப்பை என்னிடம் கொடுத்தார்கள். எனக்கென்று வந்த முதல் பொறுப்பு. வெளியாட்களை அழைத்து மூன்றாம் பாகத்தை ஆடவிட்டுக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தோம். அதில் ஒரு பல் மருத்துவர். பதினோரு ஓடுகளையும் நாற்பது நிமிடத்தில் சேர்த்துவிட்டுப் பெரிய கொட்டாவி விட்டார். அவர் வாய்க்குள் நாங்கள் பார்த்தோம் என்று அன்று முழுவதும் கேலி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீங்கள் வரைந்த முதல் பாகத்தை எடுத்து மூன்று முறை ஆடினேன். அதை ஒப்புக்கொள்கிறேன். வேரைத் தேடிப் போனேன், திருடப் போகவில்லை.

பிறகு மூன்று வாரம் ஒன்றும் ஓடவில்லை. ஒரு மதியம், சாப்பாட்டு அறையில் அண்ணனோடு உட்கார்ந்திருந்தபோது வந்தது. கொடுத்துவிட முடிந்தால் என்ன? எழுந்துபோய்க் கை கழுவாமலே வரைந்தேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு மதியம் வந்ததில்லை, அதனால்தான் உங்கள் கடிதம் இவ்வளவு வலிக்கிறது.

இப்போது நான் ஒன்று கேட்க வேண்டும். முன்னோட்டத்தில் ஓடு கைமாறுகிறது (நத்தைக்குக் கை இல்லை, இருந்தாலும்). கொம்பு சுருங்கத் தொடங்குகிறது. மூன்றாவது ஃபிரேமில் விளையாட்டின் பெயர் வந்து திரையை மூடிவிடுகிறது. நிறுத்தி நிறுத்தி எண்ணினேன். எட்டு என்பது இன்னும் வெளியாகாத, அலுவலகத்துக்குள் நாங்கள் ஆடிப் பார்க்கும் பிரதியில் மட்டும்தான் இருக்கிறது. பதினான்கு தடவை இல்லை, நானூறு தடவை பார்த்தாலும் முன்னோட்டத்தில் உங்களுக்கு எட்டு கிடைக்காது.

அந்தப் பிரதி பத்தொன்பது பேரிடம் இருக்கிறது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரோ அதை அலுவலகத்துக்கு வெளியே திறந்திருக்கிறார்கள். எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். பாதுகாப்புப் பிரிவுப் பெண்மணி சிரித்த முகத்தோடு ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டார்: "உங்க வீட்ல வேற யாராச்சும் இந்தத் துறையில இருக்காங்களா?" அண்ணன் இங்கேயேதான் இருக்கிறார் என்றேன். "வேற?" என்றார். யாரும் இல்லை என்றேன். உங்களைச் சொல்லாமல் விட்டேன். உங்களைக் காப்பாற்றுவதாக அன்று நினைத்தேன். யாரைக் காப்பாற்றினேன் என்று இன்று தெரியவில்லை.

நோட்டைத் திறந்தது எப்போது என்று கேட்டீர்கள். பிரதியைக் காட்டியது யார் என்று நான் கேட்கிறேன்.


ஜனவரி 29

மாட்டிக்கொண்டேன். கண்டதை முன்னோட்டத்தில் கண்டதாக எழுதியது என் தப்பு. கோபத்தில் எழுதுகிறவர்களுக்கு எண்ணத் தெரியாது.

ஒருவர் வந்தார். பெயரைக் கேட்காதே. டிசம்பரில் ஒரு ஞாயிறு மதியம், மூன்று வருடம் பேச்சில்லாமல் இருந்துவிட்டு, மடிக்கணினிப் பையோடு வந்து நின்றார். டீ போட்டுக் கொடுத்தேன், ஆடை படியும்வரை தொடவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, பல் பிடுங்க வந்தவர் மாதிரி முழங்கால்களைச் சேர்த்துக்கொண்டு, "ஒண்ணு காட்டணும்" என்றார். காட்டினார். ஓடு போனது, கொம்பு சுருங்கியது. எண்ணத் தேவையில்லை, எட்டு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"இத யாரு செஞ்சா?"

அவர் திரையைப் பார்த்துக்கொண்டே, "வாண்டுதான்" என்றார்.

"அவளேவா?"

"ஆமா. அவளே யோசிச்சா."

உன்னை வாண்டு என்று கூப்பிடுபவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருத்தி நான். ஆகவே பெயரைச் சொல்லவில்லை என்று நான் சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள். அவர் என் வீட்டுக்கு வந்தார் என்பதால் நீ நோட்டைத் திறக்கவில்லை என்று ஆகிவிடாது. இரண்டு பேரும் சேர்ந்தே திறந்திருக்கலாம். அண்ணனும் தங்கையும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்.

ஆனால் ஒரு விஷயம் எனக்கு உதைக்கிறது. கிளம்பும்போது செருப்பைப் போட்டுக்கொண்டு, முகத்தைத் திருப்பாமல், "புடிச்சிருக்கா?" என்று கேட்டார். திருட்டுப் பொருளை உடையவளிடமே காட்டிப் பிடித்திருக்கிறதா என்று யாராவது கேட்பார்களா? உனக்குத் தெரிந்தால் எழுது. தெரியாத மாதிரி எழுதினால் அதுவும் எனக்குத் தெரிந்துவிடும்.


பிப்ரவரி 7

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஆரஞ்சு வாசனை வந்தது. எதனால் என்று புரிய ஒரு நாள் ஆனது.

அந்த மதியம் சாப்பாட்டு அறையில் அண்ணன் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். நான் புலம்பிக்கொண்டிருந்தேன். அவர் தோலைப் பார்த்தபடியே, "அதக் குடுத்துட முடிஞ்சா என்ன?" என்றார். அவ்வளவுதான். நான் எழுந்து ஓடினேன். அதற்குப் பிறகு என் நினைவில் அந்தக் கேள்வி என் குரலில்தான் கேட்டது. உங்களுக்குப் போன கடிதத்திலும் அதை என்னுடையதாகவே எழுதியிருக்கிறேன், பாருங்கள். பொய் சொல்லவில்லை. பொய் என்று தெரியாமல் சொன்னதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. கொம்பு எவ்வளவு நேரம் சுருங்கட்டும் என்று அனிமேஷன் செய்கிறவர் கேட்டபோது நான் பன்னிரண்டு என்றேன். பின்னால் போய்க்கொண்டிருந்த அண்ணன், "எட்டு போதும்" என்றார். படம் விஷயத்தில் வாயே திறக்காத மனிதர். அன்றே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பாராட்டில் இருப்பவளுக்குச் சந்தேகம் வராது போல.

சனிக்கிழமை காலை அவர் வீட்டுக்குப் போனேன். விசைப்பலகையின் விசைகளை எல்லாம் பிடுங்கி மேசையில் பரப்பிவைத்துப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார். அண்ணியைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். ஒரு விசையைத் தேய்த்து முடித்தார். பிறகு எழுந்துபோய் மேசை இழுப்பறையிலிருந்து நோட்டை எடுத்து வைத்தார். அலமாரியில் இல்லை, அவருடைய இழுப்பறையில். நீங்கள் வீட்டை விட்டுக் கிளம்பிய அதே வாரம் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டு நாடாவைத் திருப்பி ஒட்டியிருக்கிறார். நீங்கள் கேட்ட இரண்டு முறையும் அது அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது.

"எதுக்குண்ணே பொய் சொன்னீங்க?"

"குடுத்துட்டா அப்புறம் அவ கேக்குறதுக்கு என்கிட்ட ஒண்ணுமே இருக்காதுல்ல."

பிறகு, அதை ஏன் விளையாட்டில் கொண்டுவந்தீர்கள், அதுவும் என் வழியாக, என்று கேட்டேன். தானே சொன்னால் நீங்கள் தொடமாட்டீர்கள், நான் செய்தால் பார்ப்பீர்கள், பார்த்தால் உங்களுடையது உயிரோடு இருக்கிறது என்று தெரிந்துகொள்வீர்கள் என்று நினைத்தாராம். முன்னோட்டம் வரும்வரை பொறுக்க முடியாமல் தானே பிரதியை எடுத்துக்கொண்டு வந்தாராம். உங்கள் முகத்தைப் பார்த்ததும் பயந்துபோய் என் பெயரைச் சொல்லிவிட்டாராம்.

"நானா யோசிச்சேன்னு ஒரு வருஷமா நெனச்சுக்கிட்டு இருந்தேனே" என்றேன்.

"நீதானே செஞ்ச. உனக்கும் நல்லதுதானே?"

இதை அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. உங்களிடமிருந்து எடுத்து எனக்குக் கொடுத்தார், எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. கொடுத்தவர் என்ற நிம்மதி மட்டும் அவருக்கு. எல்லாவற்றையும் சொல்லிவிட்டாரா என்று இப்போதும் எனக்குச் சந்தேகம்தான்.

நோட்டை இதனுடன் அனுப்புகிறேன். நூலால் கட்டியிருக்கிறேன். நான் திறக்கவில்லை. முப்பத்துநான்காம் பக்கத்தை மட்டும் பார்த்துவிட வேண்டும் என்று கை துடித்தது. பார்த்துவிட்டால் அதன் பிறகு பார்க்கவில்லை என்று யாரிடமும் சொல்ல முடியாதே.

படிவம் பதினாறாம் தேதிக்குள் போக வேண்டும். உண்மையை எழுதினால் அது எப்படி என்னிடம் வந்தது என்று கேட்பார்கள், அண்ணன் பிரதியை வெளியே எடுத்ததும் சேர்ந்தே வெளிவரும். எழுதாவிட்டால் நம் மூன்று பேரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. என்ன செய்யட்டும் என்று உங்களிடம் கேட்கமாட்டேன். கேட்டால் அதற்குள்ளும் ஏதோ கணக்கு இருக்கும் என்று நினைப்பீர்கள்.


பிப்ரவரி 14

அண்ணிக்கு,

நேற்றுக் காலை படிவத்தைக் கொடுத்துவிட்டேன். நகலை இணைத்திருக்கிறேன். எண்ணம் என்ற இடத்தில் உங்கள் பெயர், ஆக்கம் என்ற இடத்தில் என் பெயர். எந்த வழியாக வந்தது என்பதைத் தனித்தாளில் எழுதினேன்.

இயக்குநர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "எதுக்கும்மா இதெல்லாம்? பேசாம கையெழுத்தப் போட்டுட்டுப் போ. யாருக்குத் தெரியப்போவுது?" என்றார்.

"மூணு பேருக்குத் தெரியும் சார்" என்றேன். "அதுல ஒருத்தி நான்."

முந்தின நாளே அண்ணனிடம் சொல்லியிருந்தேன், நீங்களாகப் போய்ச் சொல்லிவிடுங்கள், நான் சொல்லி அவர்கள் கூப்பிட்டதாக இருக்கக் கூடாது என்று. என் படிவம் போவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் அவரே பாதுகாப்புப் பிரிவுக்குப் போனார். விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். கிளம்பும்போது தன் மேசையில் இருந்த ஆரஞ்சை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். நான் அதைச் சாப்பிடவில்லை, தூக்கிப் போடவும் இல்லை.

மிச்ச வடிவமைப்புப் பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்கள். இந்த ஓடு முடியும்வரை மட்டும் நான் இருக்கலாம்.

நன்றி எதிர்பார்த்து எழுதவில்லை. முழுக்க உண்மைக்காகத்தான் செய்தேன் என்றும் சொல்லமாட்டேன். நீங்கள் சட்டப் பிரிவுக்கு எழுதிவிடுவீர்கள் என்ற பயமும் இருந்தது. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தேன், பிரிய மறுக்கிறது.


பிப்ரவரி 15

நோட்டு வந்து இரண்டு நாள் ஆகிறது. முதலில் நூலின் முடிச்சைப் பார்த்தேன், அவிழ்த்துக் கட்டிய மாதிரி இருக்கிறதா என்று. பிறகு ஒவ்வொரு தாளையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். என்ன தேடினேன் என்று கேட்காதே. உன் அண்ணனின் விரல் கறை மட்டும் இருந்தது, பல பக்கங்களில், ஓரத்தில், திரும்பத் திரும்பப் புரட்டியவரின் கறை.

முப்பத்துநான்காம் பக்கத்துக்கு வந்தேன். ஆறு வருடமாக என் மனதில் பெரிதாகிக்கொண்டே போன படம். நேரில் பார்த்தால் ஒரு பக்கத்தில் பாதிகூட இல்லை. இரண்டு நத்தைகள், இரண்டும் நண்பர்கள். ஒன்று கொடுக்கிறது, கொம்பு சுருங்குகிறது, முடிந்தது. ஆடுகிறவர் எதற்காகக் கொடுக்க வேண்டும்? அதை நான் எழுதவே இல்லை. நண்பனுக்குக் கொடுப்பதில் என்ன ஆட்டம் இருக்கிறது?

முன்னோட்டத்தைப் பதினைந்தாவது தடவை போட்டேன். உன்னுடையதில் ஓட்டை வாங்கிக்கொள்ளும் நத்தை யார் என்று இதுவரை நான் பார்க்கவில்லை, பார்க்க விரும்பவில்லை. மூன்று நொடிக்கு முன்னால் ஓட்டாண்டியை மோதிக் கீழே தள்ளியதே, அந்த நத்தை. எதிரிக்குக் கொடுக்கிறது. ஓடு முதுகில் ஏறும்போது எதிரி என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறது. அது என் நோட்டில் இல்லை. உன் அண்ணன் தலையிலும் அப்படி ஒன்று உதித்திருக்காது.

ஆகவே கையெழுத்துப் போடு. உன் பெயரில் போடு. நான் யாருக்கும் எழுதப்போவதில்லை. இந்தக் கடிதம் பதினாறுக்குள் வராது என்று தெரியும், தாமதமாகக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள்.

உன்னை முழுதாக நம்பிவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதே. முடிச்சைப் பார்த்தேன் என்று சொன்னேன் அல்லவா? இரண்டு தடவை பார்த்தேன்.


பிப்ரவரி 21

வாண்டுக்கு,

உன் கடிதமும் என் கடிதமும் வழியில் எங்கேயோ ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. உறையின் மேல் இருந்த முத்திரையைப் பார்த்தேன். உன்னுடையது பதினான்கு, நான் அனுப்பியது பதினைந்து. கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். நான் விட்டுக்கொடுத்தது தெரிந்த பிறகு நீ நல்லவளானாயா என்று சோதிக்கத்தான். வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் பார்க்காமல் இருந்திருக்க முடியாது.

உன் இயக்குநருக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். புகார் இல்லை. எண்ணம் என்ற இடத்தில் இரண்டு பெயர் வர வேண்டும், எதிரிக்குக் கொடுப்பது உன்னுடையது, நான் நினைத்தும் பார்க்காதது என்று நோட்டின் பக்கத்தைப் படமெடுத்து இணைத்தேன். பொறுப்பைத் திருப்பிக் கொடுப்பார்களா என்று தெரியாது. அவர்களை எனக்குத் தெரிந்த அளவில், கொடுக்கமாட்டார்கள். இருந்தாலும் என் கையெழுத்தோடு அங்கே ஒரு தாள் இருக்கட்டும்.

உன் அண்ணன் போன் செய்தார். எடுத்தேன். விசாரணையைப் பற்றிச் சொல்வார் என்று பார்த்தேன். சொல்லவில்லை. அன்று கேட்டதற்குப் பதில் வேண்டுமாம்.

"புடிச்சிருந்துச்சு" என்றேன். "நீங்க செஞ்சதுதான் புடிக்கல."

சரி என்றார். வைத்துவிட்டார். அவரைக் கொஞ்சம் பார்த்துக்கொள். என்னால் முடியாது. உன்னால் முடியும் என்பதால் சொல்கிறேன், கட்டாயம் இல்லை.

ஒரே ஒரு திருத்தம். படிவ நகலில் என் பெயருக்குப் பின்னால், பழையபடி, உன் அண்ணன் பெயரையும் சேர்த்து எழுதியிருக்கிறாய். பழக்கத்தில் எழுதியிருப்பாய். அதை அடித்துவிடு. என் பெயர் மட்டும் போதும்.

அண்ணி